வீங்காத விரல்

திங்கட்கிழமை காலை ஐந்து பத்துக்குக் குழந்தைவேலு இறந்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முந்தைய நாள் காலை ஏழு மணியைப் பற்றித்தான் சந்தேகம். அந்த நேரத்தில் அவர் உயிரோடு உட்கார்ந்திருந்தார் என்றும், அவருடைய இடது சுட்டுவிரலைத் தான் பிளேடால் கிழித்ததாகவும் அவர் மனைவி பூங்கொடி சொல்லியிருந்தாள்.

டாக்டர் ஹேமலதா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிலிருந்து எடுத்த மெல்லிய சீவல், நானூறு மடங்கு பெரிதாகி, இளஞ்சிவப்பாகத் திரையில் பரவியிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் திருமூர்த்தி நின்றார். பிணவறைக்கு வந்தால் அவர் உட்காருவதில்லை.

"என்னங்க மேடம் சொல்லுது?"

"கிழிச்சது செத்த பிறகு."

"நெனச்சேன்."

"நீங்க எல்லாருக்கும் அப்படித்தான் நெனப்பீங்க."

"தப்பாப் போனதில்லைங்களே." அவர் நோட்டை எடுத்தார். "கோர்ட்டுல கேப்பாங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஜட்ஜுக்குப் புரியற மாதிரி நான் சொல்லிக்கறேன்."

"உங்க கையில முள்ளு குத்துது. என்ன ஆகும்?"

"செவக்கும். வீங்கும். வலிக்கும்."

"சுடவும் செய்யும். அடிபட்ட இடத்துல இருக்கற செல்லுங்க சில ரசாயனங்களை வெளிய விடும். அது பட்டதும் பக்கத்துல இருக்கற ரத்தக்குழாய் அகலமாகும். ரத்தம் கூடுதலா வரும், அதான் சிவப்பும் சூடும். குழாயோட சுவர் இளகி நீர் கசியும், அது வீக்கம். நரம்பு உறுத்தும், அது வலி. அப்புறம் வெள்ளணு. ரத்தத்தோட ஓடிக்கிட்டிருக்கறது அந்த இடம் வந்ததும் சுவர்ல ஒட்டும். சுவர்ச் செல்லுக்கு நடுவுல நெளிஞ்சு வெளிய வரும். காயத்துக்கு ஊர்ந்து போய்க் கிருமியைத் தின்னும். சில மணி நேரத்துல காயத்தோட ஓரம் முழுக்க அதுங்கதான் நிக்கும்."

"செத்தவனுக்கு?"

"ரத்தமே ஓடலை. யார் வருவா?"

"இந்தம்மா சொல்றது ஏழு மணி. செத்தது மறுநாள் அஞ்சு பத்து." அவர் விரல் விட்டு எண்ணினார். "இருவத்திரெண்டு மணி நேரம்."

"ஒண்ணுகூட இல்லை."

"கிருமி?"

"நிறைய இருக்கு. பிணத்துல கிருமி இல்லாம இருக்குமா?"

"ரத்தம் கசிஞ்சிருந்தா?"

"கழுவியிருக்காங்க. டெட்டால் ஊத்திக் கழுவியிருக்காங்க. ரத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் எழுதி முடித்து நோட்டை மூடினார். "அவரு வேலை பாத்த பனியன் கம்பெனி மேல பழி போடறதுக்குச் செத்த கையைக் கிழிச்சிருக்குது. எதனால செத்தாருன்னு பாய்சன் ரிப்போர்ட் வரட்டும். போன வருஷம் சாயப்பட்டறை டையிங் கேஸ் நெனப்பிருக்குதுங்களா? புருஷன் மாடிப்படில விழுந்து கை காலெல்லாம் சிராய்ச்சுது, ஒரு நாள் பூராப் பேசிட்டுத்தான் இருந்தாருன்னு அந்தப் பொம்பளை சத்தியம் பண்ணுச்சு. சிராய்ப்பெல்லாம் செத்தப்பறம்னு நீங்க எழுதினீங்க. மூஞ்சில வெச்சு அமுக்கின தலகாணிய நான் கண்டுபிடிச்சேன். ஆயுள் தண்டனை."

ஹேமலதாவுக்கு நினைவிருந்தது. அந்த அறிக்கை ஒன்றரைப் பக்கம்.

"பூங்கொடி வெளிய இருக்காளா?"

"ஜீப்புல இருக்குது."

"ஒரு கேள்வி கேக்கணும்."

பூங்கொடிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை. உள்ளே வந்ததும் மேசை மேல் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தாள். பிறகுதான் டாக்டரைப் பார்த்தாள்.

"விரலை ஏன் கிழிச்சீங்க?"

"ஊசி முனை உள்ள இருக்குதுன்னாருங்க. வெள்ளிக்கிழமை மிசின்ல விரல் மாட்டி ஊசி ஒடைஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை பாத்தா விரல் நுனி கறுத்திருந்துச்சு. கிழிச்சுப் பாத்தேன். முனை இல்லைங்க."

"நானும் பார்த்தேன். விரல்ல எதுவும் இல்லை. கிழிக்கறப்ப வலிக்கலையா அவருக்கு?"

"கிழிக்கையில ஸ்ஸுன்னாருங்க. அப்பறம் வலியே இல்லைன்னுட்டாரு. டீ குடிச்சாரு. டிவி பாத்தாரு."

"விரல் கறுத்திருக்கு. பிளேடால கிழிச்சிருக்கீங்க. வலி இல்லை."

"ஆமாங்க."

"வீக்கம்?"

"வீங்கலைங்க. வீங்கியிருந்தா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டனுங்களா?"

"காய்ச்சல்?"

"இல்லைங்க. தொட்டா சில்லுன்னு இருந்தாருங்க."

ஹேமலதா இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவள் அறிக்கையில் கையெழுத்திட்டாள். 'விரலில் உள்ள வெட்டு இறப்புக்குப் பிந்தையது.' பூங்கொடியைக் கோயமுத்தூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

உடலை யாரும் வாங்க வரவில்லை. குழந்தைவேலுவின் அண்ணன் போனில் பேசினார். கொன்றவளுக்குத் தண்டனை கிடைக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்றார். உடல் நான்காம் எண் குளிர்பெட்டியில் கிடந்தது.

ஒன்பதாம் நாள் ஆறுச்சாமி அவள் அறை வாசலில் நின்றார். பிணவறை உதவியாளர். இருபத்தாறு வருட சர்வீஸ். கேட்காமல் எதுவும் சொல்கிறவர் அல்ல.

"என்ன ஆறுச்சாமி?"

"நாலாம் நம்பரைத் தொடைச்சேனுங்க மேடம்."

"சரி."

"அவரு ஊடு சாயக்கழிவு ஓடைக்குப் பக்கத்துலதானுங்க. நான் அந்தப் பக்கம் இருந்திருக்கறேன். கொசு ஒவ்வொண்ணும் தும்பி கணக்கா இருக்கும். இவரு உடம்புல ஒரு தடிப்பு இல்லைங்க. சொறிஞ்ச தடம் ஒண்ணு இல்லைங்க. உச்சந்தலைலருந்து உள்ளங்கால் மட்டும் தேடிட்டேன்."

"கொசுவலை கட்டியிருப்பாங்க."

"இருக்கலாமுங்க." அவர் போகவில்லை. "எம்மருமவளும் பனியன் கம்பெனிதானுங்க. கேம்புல தணிப்பு ஊசி போட்டுட்டு வந்ததுலருந்து கொசு கடிக்குதாம், ஆனா அரிக்கறதில்லையாம். எனக்கும் ஒண்ணு போட்டுவுடச் சொல்லுன்னு கேட்டேன். உங்க தோலுக்குக் கொசுதான் மாமா ஊசிய ஒடைச்சுக்கும்னுட்டா."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

தணிப்பு ஊசியை அவளுக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் துண்டுத்தாள் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் சின்ன வீக்கம், காய்ச்சல், மூட்டுவலி தொந்தரவு இருக்காது. வேலைக்கு வராத நாட்கள் பாதியாகக் குறையும். கடைசி வரி: ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. அந்த வரியைப் படித்ததும் அவள் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

"எக்ஸ்ரே வண்டியக் கொண்டாங்க," என்றாள். "கை முழுசும் எடுக்கணும். முழங்கை வரைக்கும்."

விரலில் எதுவும் இல்லை. உள்ளங்கையிலும் இல்லை. மணிக்கட்டில், இரண்டு எலும்புகளுக்கு இடையில், ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அவள் திறந்து எடுத்தாள். ஐந்து மில்லிமீட்டர் நீள ஊசி முனை. அதைச் சுற்றியிருந்த சதையையும் சேர்த்து எடுத்தாள். தசைநாரோடு ஒட்டி விரலிலிருந்து மணிக்கட்டு வரை நகர்ந்திருக்கிறது. கை அசைய அசையத்தான் நகரும். அப்படியென்றால் அவர் வேலை செய்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்தப்பறம் உள்ள தள்ளியிருக்கலாமுங்களே."

"மணிக்கட்டுலயா? மேல ஒரு ஓட்டைகூட இல்லாம?"

"கிழிச்ச வழியா. பின்னல் கம்பிய உட்டுத் தள்ளியிருக்கலாம். பொம்பளைக மனசு வெச்சா எதுதான் ஆகாது."

"உங்க வீட்டுல இப்படிப் பேசுவீங்களா?"

"ஊட்டுல பேசவே மாட்டனுங்க மேடம்."

"வெள்ளிக்கிழமை ஊசி உடைஞ்சுதான்னு தெரிஞ்சா போதும். கம்பெனிக்குப் போலாம்."

கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுக்குச் சௌமியா என்ற பெண் பொறுப்பு. இருபத்தெட்டு வயது. கழுத்தில் அடையாள அட்டை, ஒரு விசில். கேட்டதும் பதிவேட்டை எடுத்துவந்தாள். உடைந்த ஊசிப் பதிவேடு. தயாராக வைத்திருந்தவள் போல.

"கொழந்தைங்க சட்டைங்க மேடம். ஒரு துண்டு ஊசி உள்ள போயிட்டா வெளிநாட்டுக்காரன் மொத்த ஆர்டரையும் திருப்பிடுவான். அதனால ஊசி ஒடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடிக் கண்டுபிடிச்சு இங்க டேப் போட்டு ஒட்டணும். ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டாத்தான் டெய்லருக்குப் புது ஊசி. அதுவரைக்கும் லைன் நிக்கும்."

வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். பிற்பகல் மூன்று ஐம்பது. ஆறாவது லைன். பதினாலாவது மிசின். குழந்தைவேலு. பக்கத்தில் ஒளிபுகும் டேப்பின் கீழ் இரண்டு துண்டுகள். ஒன்று நீளம், ஒன்று குட்டி. குட்டித் துண்டில் கூர்முனை இருந்தது.

"முழுசா இருக்குதுங்களே," என்றார் திருமூர்த்தி. அவர் குரலில் ஒரு நிம்மதி. "முழு ஊசியும் இங்க இருக்குது. அப்ப கையில இருந்தது வேற ஊசி. அந்தம்மா வெச்சது."

ஹேமலதா பதிவேட்டின் மேல் குனிந்தாள்.

"இதே மாதிரி புது ஊசி ஒண்ணு குடுங்க."

காயங்களை அளக்கும் சின்ன ஸ்கேல் அவள் பையில் எப்போதும் இருக்கும். புது ஊசியை அளந்தாள். முப்பத்தெட்டு மில்லிமீட்டர். டேப்பின் மேலேயே ஸ்கேலை வைத்து நீளத் துண்டை அளந்தாள். முப்பத்துமூன்று. குட்டித் துண்டு எட்டு.

"கூட்டுங்க, இன்ஸ்பெக்டர்."

"நாப்பத்தொண்ணு."

"உடைஞ்ச ஊசி மூணு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு."

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எண்பது மிசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சௌமியா விசிலைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஷிப்மெண்ட்டுங்க. முனை கெடைக்கலை. லைன் அரை மணி நேரமா நிக்குது. பழைய டப்பாலருந்து ஒரு முனைய எடுத்து ஒட்டச் சொன்னாங்க."

"யார் ஒட்டினது?"

"நான்தானுங்க."

"சட்டைக்குள்ள போயிருந்தா?"

"பீஸ் எல்லாத்தையும் மெட்டல் டிடெக்டர்ல உட்டோமுங்க. ஒண்ணுலயும் இல்லை. அப்பவே தெரியுமுங்க, அவரு கையிலதான் இருக்கும்னு. நர்சுகிட்ட அனுப்பிவெச்சேன். வீங்கலை, செவக்கலை, உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வந்து ஏழு மணி வரைக்கும் தெச்சாரு. சனிக்கிழமையும் வந்தாரு."

"வீங்கலைன்னா லீவு இல்லையா?"

"அதானுங்க வழக்கம். காட்டறதுக்கு ஏதாச்சும் இருக்கணுமுல்லைங்க." சௌமியா தன் கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேல் அயர்ன் பாக்ஸ் சுட்ட தடம். தோல் வெள்ளையாகச் செத்திருந்தது. சுற்றிலும் சிவப்பே இல்லை. "நேத்து பட்டதுங்க. இங்க யாருக்கும் வீங்காதுங்க மேடம்."

ஜீப்பில் திரும்பினார்கள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றதும் திருமூர்த்தி கேட்டார்.

"சரி. வெள்ளிக்கிழமையே முனை உள்ள போயிருச்சு. அதனால கிழிச்சது உசுரோட இருக்கையிலன்னு ஆயிருங்களா?"

"அந்த முனையைச் சுத்தி இருந்த சதையை நேத்து பார்த்தேன். ரெண்டரை நாள் உயிரோட இருந்த மனுஷன். இரும்பு உள்ள கிடந்திருக்கு, கிருமி பெருகியிருக்கு. வெளிய ஒரு வெள்ளணு இல்லை."

"அப்ப எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. குழாய்க்குள்ளயே இருக்கு. நான் காயத்தோட ஓரத்தை மட்டும் பார்த்தேன். அங்க இல்லைன்னதும் எழுதிட்டேன். பக்கத்துல ரத்தக்குழாய் இருக்கு. அதுக்குள்ள பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நிறைய இருக்கு. சுவர்ல ஒட்டவே இல்லை. கம்பெனில போட்ட தணிப்பு ஊசி அந்த ஒட்டறதைத்தான் தடுக்குது போல. எண்ணிக்கை மாறாதுன்னு அவங்க தாள்ல போட்டிருந்தாங்க, எண்ணினா சரியாத்தான் இருக்கும்."

"தாள்ல பொய் இல்லை."

"இல்லை."

"எதுல செத்தாரு?"

"அந்த விரல்லருந்துதான். கிருமி ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கப் போயிடுச்சு. தடுக்க யாரும் இல்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

ரயில் போனது. கேட் திறக்கவில்லை. இன்னொரு ரயில் வரவேண்டியிருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஊர்ல பாதிப் பேரு கம்பெனில ஊசி போட்டவங்க. உங்க மேசைக்கு வந்ததுலயும் பாதி அவங்கதான். இதுல மாத்தி எழுதினீங்கன்னா, முந்தி எழுதினதையெல்லாம் வக்கீலுங்க தோண்டுவாங்க. நான் புடிச்சது, நீங்க எழுதினது, ஜட்ஜு சொன்னது, எல்லாம். இந்தம்மாவ நான் வேற வழில வெளிய உட்டர்றேன். பாய்சன் இல்லைன்னு வந்திருச்சு. சாட்சி பத்தலைன்னு முடிச்சுக்கலாம். நீங்க எதையும் மாத்த வேண்டாம்."

"யாருக்காகச் சொல்றீங்க?"

"ரெண்டு பேருக்கும்தானுங்க."

அவள் அன்று இரண்டாவது அறிக்கை எழுதினாள். இதுவும் ஒன்றரைப் பக்கம்தான். பூங்கொடியின் பெயரை எழுதும் இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினாள். கையெழுத்திட்டு இன்ஸ்பெக்டருக்கு ஒரு நகலும் நீதிமன்றத்துக்கு ஒரு நகலும் அனுப்பினாள்.

ஆறுச்சாமியிடம் போன வருடத்துக் கண்ணாடிச் சிலைடுகள் இருக்கும் மரத் தட்டைக் கேட்டாள். அவர் கொண்டுவந்து வைத்தார். டையிங் தொழிலாளியின் சிலைடுகள் மூன்றாவது வரிசையில் இருந்தன. முழங்கால், முழங்கை, நெற்றி. ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்து. தட்டு மேசை ஓரத்தில் ஒரு வாரத்துக்கு மேலாக இருந்தது. ஆறுச்சாமி தினமும் அதைச் சுற்றித் துடைத்தார். தட்டை நகர்த்தவில்லை. அவள் அதைத் திறக்கவும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் பூங்கொடி வந்தாள். கூட யாரும் இல்லை. அதே மஞ்சள் துணிப்பை.

ஆறுச்சாமி நான்காம் எண் பெட்டியைத் திறக்கப் போனார். ஹேமலதா தாள்களை நீட்டினாள். பூங்கொடி கையெழுத்துப் போடாமல் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இனி அவள் எதிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

"உக்காருங்க."

"நிக்கறனுங்க."

"நீங்க சொன்னது உண்மை. அதை எழுதிக் கொடுத்திருக்கேன்."

"வக்கீலு சொன்னாருங்க." வாசிப்பதை நிறுத்தவில்லை. "இப்ப மட்டும் எப்படிங்க உண்மையாச்சு?"

ஹேமலதா சொன்னாள். ஊசி முனை, பதிவேடு, ஸ்கேல், ரத்தக்குழாய். சுருக்கமாகத்தான் சொன்னாள். பூங்கொடி கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாருங்களா?"

"வந்திருந்தா நாங்களும் வீக்கம் இருக்கான்னுதான் பார்த்திருப்போம்."

பூங்கொடி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள். வைக்கும்போது மரத் தட்டு அவள் விரலில் பட்டது. அதை நேராக நகர்த்திவைத்தாள்.

உள்ளே பெட்டியின் சக்கரங்கள் சத்தமிட்டன. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள், பிறகு நின்றாள்.

"ஜெயில்ல எனக்குப் பக்கத்துப் பாய்ல ஒரு அக்கா படுத்திருந்துச்சுங்க. அதோட ஊட்டுக்காரரு டையிங்ல வேலை. போடாத சத்தியமில்லை அது. மாடிப்படில உழுந்தாரு, மேலெல்லாம் சிராய்ச்சுது, எங்கயும் வலியே இல்லைன்னாரு, அடுத்த நாள் செத்துப்போனாருன்னு. நாள் பூரா அதையே சொல்லும். நான்கூட நம்பலைங்க. மேலெல்லாம் சிராய்ச்சா வலிக்காம இருக்குமா, டாக்டரு பாத்து எழுதினது தப்பாவா இருக்கும்னு நெனச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன்."

ஹேமலதாவின் கண் மரத் தட்டின் மேல் போனது.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்த ரிப்போர்ட்டு எழுதினதும் நீங்கதானுங்களா?"